ஒரு மரக்கட்டையும் பல அரசர்களும் என் அம்மாவும்

1

கோபத்தோடு எதையும் எழுதக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். அவருக்கு என்ன, கோபம் வந்தால் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு உதைபந்தாட்டம் பார்ப்பார். எனக்குக் கோபம் ஆறினால் எழுத வராது, சோறு வடிக்கப் போய்விடுவேன். ஆகவே சூட்டோடு சூடாக எழுதுகிறேன். ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள், வெளிநாட்டுக்குப் போனவளுக்கு வாய் நீண்டுபோச்சு என்று சொன்னால் சொல்லட்டும்.

நான் யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவுக்காரி. மேற்கு ஜேர்மனியில், மைன் ஆற்றங்கரை நகரம் ஒன்றில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் எழுபதுகளின் தொடக்கத்தில் இயந்திரப் பயிற்சிக்கென்று வந்து இங்கேயே நின்றுவிட்டவர். நான் கலியாணம் முடித்துப் பின்னால் வந்தவள். வந்து எட்டு வருசம். ஒரே மகள் சுகந்தி. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து நான் தமிழில் கேட்டால் அவள் ஜேர்மனில் பதில் சொல்கிறாள். அடித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன்.

போன வருசம் ஊரில் அம்மா இறந்துபோனார். ஒரு வருசம் முடியச் செய்கிற ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் சில கிழமைதான் இருக்கிறது. செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. போக விடவில்லை என்று சொல்வதுதான் சரி. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. என் கடவுச்சீட்டு வெளிநாட்டவர் அலுவலகத்தில் கிடந்தது. தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் இறப்புச் சான்றிதழ் கேட்டார், அதுவும் ஜேர்மன் மொழிபெயர்ப்போடு. தந்தி சான்றிதழ் ஆகாது என்றார். அம்மா செத்தது நேற்று, சான்றிதழ் எப்படி இன்றைக்கு வரும் என்று கேட்டேன். அது தன்னுடைய பகுதி அல்ல என்றார். சான்றிதழ் வந்து சேர்ந்தபோது ஊரில் எட்டாம் நாள் செய்கிற எட்டுச் செலவும் முடிந்துவிட்டது.

அதே மனிதர்தான் அதற்குச் சில மாதம் முன்பு என் படத்தைத் திருப்பித் தந்தவர். காது மறைந்திருக்கிறது, நெற்றியில் நிழல் விழுந்திருக்கிறது, இது நீங்கள் என்று ஏற்க முடியாது என்றார். நான் அவருக்கு முன்னால் நிற்கிறேன். படம் அவர் கையில் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள் என்று ஏற்க முடியாதாம். வேறு படம் எடுத்துக் கொடுத்தேன். தள்ளிய படத்தை எறிய மனம் வரவில்லை. பின்பக்கத்தில் "நான் இப்ப இப்பிடித்தான் இருக்கிறன்" என்று எழுதி ஊருக்கு அனுப்பினேன்.

அனுப்பியிருக்கக்கூடாது. அந்தப் படம் போய்ச் செய்த வேலையைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

2

எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது அல்ல. ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, இங்கே வளரும் பிள்ளைகள் யாராவது ஒரு நாள் வாசிக்கக்கூடும் என்ற நப்பாசையில் சொல்கிறேன். ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. அன்றைக்கு வருகிற சனத்துக்குச் சாப்பாடு போட்டுக் கையில் ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்பார்கள். அதுதான் கல்வெட்டு. முதல் பக்கத்தில் செத்தவரின் படம். அடுத்தது வம்ச வரலாறு. அதன் பிறகு கணவன் புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாகப் பாட்டு. புலம்புகிறவர் எழுதுவதில்லை. ஒரு புலவரைப் பிடித்து எழுதுவிப்பார்கள்.

அம்மாவின் கல்வெட்டை அண்ணை தபாலில் அனுப்பியிருந்தார். அண்ணைக்குக் கொழும்பில் இரும்புச் சாமான் கடை. செய்வதைப் பெரிதாகத்தான் செய்வார். பளபளக்கும் தாள், ஊதா மை, அட்டையில் தாமரை. நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். கை முழுக்கச் செதில். சுகந்திதான் உறையைப் பிரித்தாள்.

"அம்மா, உங்களை ஏன் கிழவி ஆக்கியிருக்கிறார்கள்?" என்று ஜேர்மனில் கேட்டாள்.

எட்டிப் பார்த்தேன். நீள்வட்டச் சட்டம், சுற்றிவரப் பூ. அதற்குள் நான். தலைமயிருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். வாயின் இரண்டு பக்கமும் கோடு கீறியிருந்தார்கள். என் குளிருடுப்பின் கழுத்தை அழித்துச் சேலைத் தலைப்பு வரைந்திருந்தார்கள். ஆனால் நெற்றியில் அந்த நிழல் அப்படியே கிடந்தது. காது மறைந்திருந்ததும் அப்படியே. கீழே தோற்றம் என்று அம்மா பிறந்த நாள், மறைவு என்று அம்மா செத்த நாள்.

சுகந்தி என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்கள் செத்துவிட்டீர்களா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டு கேட்கவில்லை, பயந்துபோய்த்தான் கேட்டாள். அவள் தன் அம்மம்மாவைக் கண்டதே இல்லை. அந்தப் புத்தகத்தில்தான் முதல் தரம் காணப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாட்டில் நானாக இருக்கவே போதாது என்று தள்ளிய படம், ஊரில் அம்மாவாக இருக்கப் போதுமாம். மீனை அப்படியே போட்டுவிட்டு மீதியைப் புரட்டினேன். "மகள் புலம்பல்" என்று ஒரு பக்கம். கடல் கடந்த நாட்டில் நான் மார்பில் அடித்து அழுகிறேனாம், பனியில் உருண்டு புரள்கிறேனாம். நான் எப்படி அழுதேன் என்று புலவருக்கு என்ன தெரியும்? குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, மேல்வீட்டுக்காரி சத்தம் என்று முறைப்பாடு செய்துவிடுவாளோ என்று துவாயை வாய்க்குள் வைத்துக்கொண்டு அழுதேன். அது பாட்டில் வராது.

3

இனி என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

நான் வேலை செய்வது ஒரு பதிப்பகத்தின் பின்பக்க மண்டபத்தில். பழைய ஜேர்மன் புத்தகங்களை அவை முதலில் எப்படி அச்சாகினவோ அப்படியே, கறைகூட மாறாமல், படம் பிடித்துத் திருப்பி அச்சடிக்கிற பதிப்பகம். நூலகங்கள் வாங்கும், வசதியான வைத்தியர்கள் வாங்கி வரவேற்பறையில் வைப்பார்கள். பாரம் என்று சொல்லும் மடித்த அச்சுத் தாள்களை வரிசைப்படி சேர்த்து அடுக்குவது என் வேலை. முன்னைய காலத்திலும் இப்படித்தானாம். கட்டாத தாள்களாகவே பீப்பாய்க்குள் போட்டுப் பிராங்க்ஃபுர்ட் சந்தைக்கு வண்டியில் அனுப்புவார்கள். வாங்கியவர் தன் செலவில் கட்டுவித்து, படங்களுக்கு நிறமும் தீட்டுவித்துக்கொள்வார்.

கல்வெட்டு வந்த கிழமை எங்கள் மண்டபத்தில் கிடந்தது ஜேர்மன் வரலாற்றுப் பெருநூல் ஒன்று. நானூறு வருசத்துக்கு மேல் பழையது. தூக்கினால் தோள் கழன்றுவிடும். உலகம் படைத்த நாளில் தொடங்கும். நோவாவின் பேழை வரும். பேழையிலிருந்து இறங்கியவர்களின் வழியில் ஜேர்மனியரின் முதல் அரசர் வருவார். அவருக்கு மகன், மகனுக்கு மகன் என்று ஒரு வம்சம் இழுபடும். பிறகு ரோமச் சக்கரவர்த்திகள், ஜேர்மன் சக்கரவர்த்திகள், நகரங்கள், போர்கள், வால்வெள்ளிகள், இரண்டு தலைக் கன்றுக்குட்டி. பக்கத்துக்குப் பக்கம் மரத்தில் செதுக்கி அச்சிட்ட படம்.

எழுத்து பழைய கொக்கி எழுத்து. இந்த ஊர்ச் சனத்துக்கே வாசிக்கக் கஷ்டம், எனக்கு ஒரு மண்ணும் விளங்காது. தாளின் அடியில் இருக்கும் குறிகளைப் பார்த்து அடுக்கச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் அதோடு படத்தையும் மனதில் வைத்துக்கொள்வேன். தாடிக்கார அரசர் வந்தால் அதன் பிறகு கோபுர நகரம், அதன் பிறகு குதிரைப் போர். அன்றைக்கு என் மனம் வேலையில் இல்லை. அம்மாவின் கல்வெட்டு கைப்பைக்குள் கிடந்து எரிந்துகொண்டிருந்தது. அப்படி நிற்கும்போது தாடிக்கார அரசர் இரண்டாம் தரம் வந்தார். அதே கிரீடம், அதே தூக்கிய கை, இடதுபக்க ஓரக் கோட்டில் அதே வெடிப்பு. அச்சடித்தவர்கள் ஒரு பக்கத்தை இரண்டு தரம் அடித்துவிட்டார்கள் என்று நினைத்து அந்தப் பாரத்தை ஒதுக்கி வைத்தேன். பிறகு மூன்றாம் தரமும் வந்தார். கோபுர நகரமும் திரும்ப வந்தது. எல்லாவற்றையும் ஒதுக்கினேன். பின்னேரம் பார்த்தால், நான் பிழையென்று ஒதுக்கிய அடுக்கு, சரியென்று சேர்த்த அடுக்கைவிட உயரமாக நின்றது.

மண்டபத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு அந்த நூலுக்கு முன்னுரை எழுதுகிறவர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். நரைத்த மனிதர், நல்ல மரியாதைக்காரர். மனதுக்குள் அவருக்கு முன்னுரையார் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"பிழை இல்லை" என்றார் முன்னுரையார். "ஒரே கட்டைதான். படம் செதுக்கிய மரக்கட்டைகள் அந்தக் காலத்துப் பதிப்பாளரின் சொத்து. ஒன்று செதுக்குவிக்க நிறையச் செலவு. ஆகவே ஒரே அரசரைப் பல அரசர்களுக்குப் போடுவார்கள். ஒரே நகரத்தைப் பல நகரங்களுக்குப் போடுவார்கள். பதிப்பாளர் செத்தால் கட்டைகள் விதவைக்குப் போகும். அவர் இன்னொருவருக்கு விற்பார். வாங்கியவர் வேறொரு வரலாற்றில் வேறு பெயரோடு அச்சிடுவார்."

"அப்படியானால் முதல் பக்கத்தில் இந்த வரி எதற்கு?" என்று கேட்டேன். அந்த வரியை அவரே முன்பொரு நாள் எங்களுக்கு வாசித்துக் காட்டியிருந்தார். உண்மையான உருவங்களோடு என்று நூலின் முகப்பிலேயே போட்டிருக்கிறார்கள். சக்கரவர்த்தியின் அனுமதி பெற்றது, வேறு யாரும் திருட்டுத்தனமாக அச்சிட்டால் தண்டனை என்றும் போட்டிருக்கிறார்கள்.

"விற்கவேண்டுமே" என்று சிரித்தார். "வாசித்தவர்களுக்கு முகம் முக்கியமில்லை. அரசர் என்றால் கிரீடமும் தாடியும் இருக்கவேண்டும், அவ்வளவுதான். யாரும் முறைப்பாடு செய்ததாகத் தெரியவில்லை."

"அரசர்களின் பிள்ளைகளைக் கேட்டுப் பார்த்தார்களா?"

"முதல் அரசர்கள் பலர் இருந்ததே இல்லை. வம்சத்தை நோவாவரை கொண்டுபோக யாரோ கட்டிவிட்ட கதை அது."

கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இருந்திராதவனுக்கு ஒரு முகம் இருக்கிறது, ஊரில் இருந்து செத்த என் அம்மாவுக்கு இல்லை. கைப்பையைத் திறந்து கல்வெட்டை எடுத்து அவர் முன்னால் போட்டேன். இது என் அம்மா, இது என் படம் என்று விசயத்தைச் சொன்னேன். எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று இப்போது யோசித்தால், ஒரு ஆறுதல் வார்த்தை போதுமாக இருந்தது. முன்னுரையாரின் கண் மின்னியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். முதலில் படம், அடுத்தது வம்சம், அதன்பின் பாட்டு, எல்லாம் இந்த நூலின் முறைதான், அற்புதம் என்றார். இதைப் பிரதி எடுக்கலாமா, முன்னுரையில் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம் என்றார்.

"என் அம்மா உங்கள் அடிக்குறிப்பு அல்ல" என்று சொல்லிப் புத்தகத்தைப் பறித்துக்கொண்டேன். ஜேர்மனில் சண்டை பிடிக்கும்போதுதான் எனக்கு ஒரு பிழையும் வருவதில்லை.

4

அம்மாவின் படம் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். ஒரு படம் இருந்தது. கலியாணப் படம். தெற்கே காலி நகரப் பக்கத்தில் ஐயாவுக்கு, அதுதான் என் அப்பாவுக்கு, ஒரு கடை இருந்தது, சுருட்டும் பலசரக்கும். எங்கள் தீவில் பாதிப் பேருக்குத் தெற்கில்தானே கடை. அம்மா ஊரில், ஐயா கடையில். தனியே கிடக்கிற மனுசன், படத்தைக் கொண்டுபோய்க் காசு மேசைக்கு மேலே கொழுவியிருந்தார். ஐம்பத்தெட்டில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் கடை எரிந்தது. ஐயா உடுத்த வேட்டியோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்.

அதன்பிறகு படம் எடுக்க யார் வந்தாலும் அம்மா குசினிக்குள் போய்விடுவார். கூப்பிட்டால், "ஒருக்கா எரிஞ்சது காணும்" என்பார். போதும் என்பதற்கு மேல் வேறு விளக்கம் சொல்லமாட்டார். அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வந்த நேரம் கொப்பளிப்பான் வந்து வேப்பிலையில் கிடந்தார். பிறகு அரசாங்கமும் தேடவில்லை, அம்மாவும் போகவில்லை. நான் ஜேர்மனிக்கு வெளிக்கிட்டபோது யாழ்ப்பாணத்தில் ஸ்டூடியோவுக்குப் போய் எல்லாரும் படம் எடுத்தோம். அம்மா படம் எடுக்கிறவருக்குப் பின்னால் எங்கள் பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தில் நாங்கள் எல்லாரும் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அம்மா இல்லை.

எனக்கும் அம்மாவுக்கும் முகச் சாயல் ஒன்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அம்மாவின் இடது புருவத்தில் கிணற்றுத் துலாக்கயிறு அடித்த தழும்பு இருந்தது. மேல்வரிசையில் ஒரு பல்லு முன்னால் நிற்கும், அதனால் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார். கோபம் வந்தால் வலது கண் சின்னதாகும். அது ஒன்றும் கல்வெட்டில் இல்லை. இனி வரப்போகிற ஒருவருக்கும் அது தெரியப்போவதில்லை.

அண்ணையிடம் படக்கருவி இல்லாமல் இல்லை. புதுக் கார் வாங்கியபோது காரை முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று எடுத்து எனக்கு அனுப்பியவர். வருசத்துக்கு ஒருக்கால் ஊருக்குப் போவார். அம்மா பின்வளவில் ஓலை பொறுக்கும்போது தெரியாமல் ஒன்று எடுக்க அவருக்குக் கை வரவில்லை. காருக்கு மூன்று முகம் எடுத்தவருக்கு அம்மாவுக்கு ஒன்று எடுக்க ஏலாமல் போச்சு.

5

கல்வெட்டு வந்தபோதே அண்ணையோடு சண்டை பிடித்திருக்கவேண்டும். என் வீட்டுக்காரர்தான் மறித்தார். துக்க வீட்டோடு கொழுவாதே, நடந்தது நடந்துபோச்சு என்றார். வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதுவும் சில மாதம்தான்.

பதிப்பகத்தில் அடுத்த புத்தகம் வந்தது. அதுவும் அந்தக் காலத்து நூல்தான். சக்கரவர்த்திகளின் முகங்களை மட்டும் வட்டம் வட்டமாக, நாணயத்தில் இருப்பதுபோல அச்சிட்டது. நான் வழக்கம்போல அடுக்கிக்கொண்டு போனேன். ஒரு பக்கத்தில் வட்டம் இருந்தது, பெயர் இருந்தது, முகம் இல்லை. வெறும் வெள்ளை. பட்ட பாடு மறக்கவில்லை, ஆகவே ஒதுக்காமல் நேரே மேல்மாடிக்குக் கொண்டுபோய் முன்னுரையாரிடம் நீட்டினேன். இதுவும் சரியான பக்கமா என்று கேட்டேன். என்னோடு கொஞ்சம் அவதானமாகத்தான் கதைக்கிறார் இப்போது.

"சரியான பக்கம்தான். இதைச் செய்தவர் பழைய நாணயங்களைத் தேடித் தேடிப் பார்த்துத்தான் முகம் வரைந்தார். இந்தச் சக்கரவர்த்திக்கு நம்பத்தகுந்த நாணயம் கிடைக்கவில்லை. ஆகவே வெறுமையாக விட்டுவிட்டார்" என்றார்.

படி இறங்கி வரும்போது எனக்குக் கண் கலங்கியது. கோபத்தில்தான். நானூறு வருசத்துக்கு முன்னால் ஒருவனுக்கு இவ்வளவு நேர்மை இருந்திருக்கிறது. யாரோ ஒரு செத்த சக்கரவர்த்திக்கு, தெரியாது என்று சொல்லிச் சும்மா விட்டிருக்கிறான். பெத்த தாய்க்கு அதைச் செய்ய எங்களுக்கு என்ன வந்தது?

அன்றைக்கே கொழும்புக் கடைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, கல்வெட்டிலை போட்டது என்ரை படம்."

"ஓம், உன்ரை படம்தான். ஆர் இல்லையெண்டது? அம்மாவின்ரை படம் ஒண்டும் இல்லை. நீ அவவை உரிச்சு வைச்ச மாதிரி இருக்கிறாய் எண்டு ஊரே சொல்லுது. நல்ல கலைஞன் ஒருத்தனைப் பிடிச்சுச் செய்விச்சனான். சனம் பாத்துப்போட்டு அழுதது தெரியுமோ உனக்கு?"

"படம் இல்லாட்டி இல்லையெண்டு விடவேண்டியது தானே. வெறுமையா விட்டிருக்கலாம்."

"வெறுமையா விட்டா, இவங்களிட்டைத் தாயின்ரை ஒரு படத்துக்கும் வழியில்லை எண்டு சனம் கதைக்காதே?"

"அண்ணை, நான் உயிரோடை இருக்கிறன்."

"அது எனக்குத் தெரியாதே? உயிரோடை இருக்கிறபடியாத்தானே கத்துறாய்."

பிறகு அவராகவே இன்னொன்றைச் சொன்னார். பெரிதாக்கி, கீழே அம்மாவின் பெயரோடு தோற்றம் மறைவு நாளும் எழுதி, சட்டம் போட்டு, ஊர் வீட்டு மண்டபத்தில் ஒன்று கொழுவியிருக்கிறாராம். ஆட்டைத் திவசத்துக்குச் சொந்தக்காரர் எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுக்கப்போகிறாராம். அடுத்த வருசக் கடைக் கலண்டரிலும் அம்மாவைத்தான் போடப்போகிறாராம். அம்மாவை என்றால் என்னை. தீவு முழுக்க ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும், நல்லநேரம் ராகுகாலத்துக்கு மேலே, நான் செத்துப்போய்த் தொங்கப்போகிறேன். ஒரு தலைமுறை போனால் அதுதான் அம்மா. பிறகு யார் வந்து இல்லையென்று சொன்னாலும் எடுபடாது. தாடிக்கார அரசரும் அப்படித்தானே இத்தனை அரசர் ஆனார்.

விடவில்லை. அந்தக் கிழமை முழுக்கத் தொலைபேசி எடுத்தேன். வேலைக்குப் போகமுன்னும் எடுத்தேன், வந்தும் எடுத்தேன். கலண்டர் அடித்தால் ஊருக்கு வந்து வீடுவீடாகக் கிழிப்பேன் என்றேன். மண்டபத்தில் கொழுவியதை உடனே கழற்றவேண்டும் என்றேன். அண்ணி தொலைபேசியை வாங்கி அழுதார், அண்ணி அழுதும் நான் இளகவில்லை.

"ஐயாவுக்கும் அறளை பேந்திட்டுது, உனக்கும் அறளை பேந்திட்டுது" என்று கத்தினார் அண்ணை, புத்தி தடுமாறிவிட்டதாம். "அவர் அந்தப் படத்துக்கு ஒரு மாலை போட விடுறாரில்லை. வெள்ளிக்கிழமையிலை பூ வைச்சாலும் எடுத்து எறியிறார். நீ கழட்டு எண்டு நிக்கிறாய். நான் ஆருக்காகச் செய்யிறன்?"

"ஐயாவுக்கும் பிடிக்கேல்லை, பாத்தீங்களோ. கழட்டுங்கோ" என்றேன். என் கட்சியில் ஐயாவும் இருக்கிறார் என்று எனக்கு அப்போது பெரிய தைரியம்.

அடுத்த மாதம் அண்ணை ஊருக்குப் போய்வந்து தானாகவே தொலைபேசி எடுத்தார். "கழட்டிக் கொழும்புக்குக் கொண்டுவந்திட்டன். கலண்டரிலை பிள்ளையார் போடச் சொல்லியாச்சு. இப்பச் சந்தோசமோ?"

"ஓம், சந்தோசம்" என்றேன். உண்மையாகவே சந்தோசமாகத்தான் இருந்தது. அன்றைக்கு நித்திரை நன்றாக வந்தது.

6

ஐயாவுக்கு இப்போது கை நடுக்கம். எழுத ஏலாது. பக்கத்து வீட்டுப் பெடியன் மத்திய கிழக்கிலிருந்து கொண்டுவந்த றேடியோவில் பேசிப் பதிந்து, ஒலிநாடா ஒன்று அனுப்பியிருந்தார். முந்தநாள் வந்தது. அப்படி அவர் அனுப்புவது இதுதான் முதல் தரம். சுகந்தியையும் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு போட்டேன். முதலில் தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு காகம். பிறகு, இதுக்குள்ளையோ கதைக்கிறது என்று யாரையோ கேட்கிறார். பிறகு என்னோடு கதைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கொண்ணன் என்றால் உன் அண்ணன், கொம்மா என்றால் உன் அம்மா.

"பிள்ளை, கொண்ணன் வந்து மண்டபத்திலை கிடந்த படத்தைக் கழட்டிக்கொண்டு போட்டான். கேட்டா நீதான் சொன்னனியாம். ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனி? அது கொம்மாவில்லை எண்டு எனக்குத் தெரியாதே? கொம்மாவின்ரை முகம் எனக்குப் படத்திலையோ பாக்கவேணும்? கண்ணை மூடினா வந்து நிக்கிறா. கண்டவுடனை தெரியும் எனக்கு, அது என்ரை பிள்ளையெண்டு. கொண்ணனுக்குச் சொல்லேல்லை. சொன்னாக் கழட்டிப்போடுவான் எண்டுதான் பேசாமல் இருந்தனான். மாலை போட வந்தவைக்குப் பேச்சுத்தான் குடுத்தனான். உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு மாலை போடுறதோ. விசர்ச் சனம்."

திரும்பவும் காகம் கத்தியது.

"தலைக்கு வெள்ளை அடிச்சு வைச்சிருந்தாங்கள். முதல் கோவந்தான் வந்தது. பிறகு பாத்துப் பாத்துப் பழகிப்போச்சு. நீ கிழவியானா இப்பிடித்தான் இருப்பாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அதைப் பாக்க நான் இருக்கமாட்டன் தானே பிள்ளை. விடியத் தேத்தண்ணி குடிக்கேக்கை அதுக்கு முன்னாலைதான் கதிரையைப் போட்டிருக்கிறது. இப்ப சுவர் வெறுஞ்சுவராக் கிடக்கு."

அதோடு பேச்சு முடிந்தது. நாடா சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அம்மப்பா என்ன சொல்கிறார் என்று சுகந்தி கேட்டாள்.

எனக்கு இன்னும் கோபம்தான். அண்ணையில் கோபம், எடுக்காத படத்துக்கு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரில் கோபம், தராத கடவுச்சீட்டுக்கு. கடையை எரித்தவர்களில் கோபம். ஐயாவிலும் கோபம், எட்டு வருசமாக என்னைப் பார்க்கவேண்டும் என்று ஒரு வார்த்தை வாய்விட்டுக் கேட்காததற்கு. என்னில் கோபம் இல்லை. நான் கேட்டது நியாயம். நியாயத்தைக் கேட்டு, கிழவரின் சுவரிலிருந்து அவருடைய பிள்ளையை நானே கழற்றிவிட்டேன்.

இன்றைக்குக் காலமை கொழும்புக்கு எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் அண்ணை, "இனி என்ன?" என்றார்.

"படத்தைக் கொண்டுபோய்த் திரும்பக் கொழுவுங்கோ."

"விசரோ உனக்கு?"

"ஓம். கொண்டுபோய் ஐயாவின்ரை கதிரைக்கு முன்னாலை கொழுவுங்கோ. மாலை போடாதேங்கோ."

அண்ணையின் கடைக்குள் யாரோ ஆணி விலை கேட்பது கேட்டது.

"கீழை அம்மாவின்ரை பேர் கிடக்கெல்லே, அண்ணை. அதை வெட்டிப்போட்டு என்ரை பேரை எழுதுங்கோ. பிறந்த நாளையும் எழுதுங்கோ. மற்றதை இப்ப எழுதவேண்டாம்."